சுப்பாராவும் எங்கள் வீட்டு மருந்து டப்பாவும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் செய்தே தீர வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கரைசலில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். உரிய இரசாயனங்களைச் சேர்த்துச் சற்று நேரம் காத்திருந்தால், குழாயில் நீல நிறம் எழும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸும் அவ்வளவு. அம்முறைக்கு ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர். கையேடு முழுவதும் வெளிநாட்டுப் பெயர்கள் நிறைந்திருக்க, நடுவே நம் தெற்கத்திப் பெயர் ஒன்று நின்றது. யார் இந்தச் சுப்பாராவ் என்று தேடினேன். தேடப் போனவளுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அம்மனிதர் எங்கள் வீட்டு மருந்து டப்பாவுக்குள்ளேயே இருந்தார்!

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது. கிழக்கே சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. என் பாட்டனார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். தாய்வழி உறவினர் எல்லோரும் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கிறார்கள். நான் பள்ளியில் படித்த நாளில், ஆண்டுக்கு ஒரு முறை சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து யானைக்கால் நோய்க்கான மாத்திரையைக் கொடுப்பார்கள். என் பாட்டி அதைப் பணிவாக வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுவாள். நோயே இல்லாதவருக்கு மருந்து எதற்கு, நம்மை வைத்து ஏதோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது அவள் வாதம். என் அத்தைக்கு மூட்டுவாதம். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வேறொரு நாள் ஃபோலிக் அமில மாத்திரை. இம்மூன்று மருந்துகளும் சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆராய்ச்சிக்கூடத்தோடு தொடர்புடையவை என்பதை நான் அறிந்தபோது, பாட்டி உயிரோடு இல்லை.

அவர் வாழ்க்கையைச் சொல்லப் புகுமுன், என்னை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு என் மாமா மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். பையனுக்கு வயது ஆறு. மலையிலிருந்து இறக்கி, ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே குழந்தைகளுக்கான சிகிச்சை முறைகள் இரண்டை ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பையனை அதில் சேர்க்க விருப்பமா என்று கேட்டு, பல பக்கங்கள் கொண்ட ஒப்புதல் படிவத்தை மாமாவிடம் கொடுத்தார்கள். படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மாமா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மலையாளம் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அன்றிரவு அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். என் பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் போகிறார்களா என்று கேட்டார். உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர் கையெழுத்திடாமலே படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பையனுக்கு வழக்கமான சிகிச்சையே நடந்தது. அந்த வழக்கமான சிகிச்சையிலும் மெத்தோட்ரெக்சேட் உண்டு. வழக்கம் என்று நாம் சொல்லும் இம்மருந்து, ஒரு நாள் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கப்பட்ட மருந்துதானே? அந்த நாளைத் தேடிப் போனால் மீண்டும் சுப்பாராவிடமே போய்ச் சேருகிறோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்றைய ஆந்திரத்தில் இருக்கும் அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தையார் வருவாய்த் துறையில் சிற்றுத்தியோகம் பார்த்தவர். நோயினால் வேலையை இடையிலேயே விட்டவர். குடும்பத்தில் வறுமை. சிறுவனுக்கோ படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினான் என்றும், தாயார் வெங்கம்மா வழியிலேயே பிடித்து வந்தார் என்றும் சொல்வார்கள். அந்தத் தாய் பிடிவாதக்காரர். தந்தை இறந்த பிறகு தம் நகையை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறையில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார் சுப்பாராவ். தேர்வில் தவறியவன் வாழ்க்கையிலும் தவறினான் என்று நம்மிடையே எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

மாநிலக் கல்லூரியில் படித்த நாளில் அவர் மனம் துறவை நாடியது. இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். மருத்துவம் கற்றுத் தொண்டு செய்யலாமே என்ற அறிவுரையை ஏற்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அது நாட்டில் விடுதலை உணர்ச்சி பொங்கிய காலம். அவர் கதரில் அறுவைச் சிகிச்சை மேலங்கி தைத்து அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. ஒரு கதர்த் துணிக்கு அவர் கொடுத்த விலை அது.

அதைவிடப் பெரிய விலையை நோய் வாங்கியது. ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு அவருடைய உடன்பிறந்தவரைக் கொண்டுபோயிற்று. அந்நோய் கண்டவருக்கு உண்ட உணவு உடம்பில் ஒட்டாது, இரத்தம் குன்றும், ஆள் உருகிப் போவார். அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். பின்பு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். ஒரு நோய் ஏன் ஒருவரைக் கொன்று மற்றவரை விடுகிறது என்ற கேள்வி, இத்தகைய அனுபவம் பெற்ற மருத்துவரை எளிதில் விடுமா?

1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியோடும் காக்கிநாடா அறநிலையம் ஒன்று அளித்த ஆதரவோடும் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரிலேயே விட்டுச் சென்றார். சில ஆண்டுகளில் திரும்புவதாக எண்ணம். திரும்பவே இல்லை, கணவனும் மனைவியும் அதன்பின் சந்திக்கவுமில்லை. பிழைப்புக்காக எல்லை தாண்டியவர்களின் பேத்தியாகிய எனக்கு, அவர் வரலாற்றில் நெஞ்சைத் தைக்கும் இடம் இதுதான். போனவரின் புகழ் ஏடுகளில் இருக்கிறது. காத்திருந்தவரின் ஆண்டுகளை யார் எழுதினார்கள்?

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வெப்பமண்டல நோய்களைப் பற்றிப் படித்தார். கையில் காசில்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேரப் பணியாளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவது அவர் வேலை. பட்டம் பெற்ற மருத்துவர் இரவில் பாத்திரம் கழுவினார். பகலில் உயிர்வேதியியல் கூடத்தில் நின்றார். அக்கூடத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925இல் வெளியிட்டதுதான் நாம் இன்றும் செய்யும் பாஸ்பரஸ் அளக்கும் முறை. 1927இல் தசையில் ஆற்றலைத் தேக்கி வைக்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை இருவரும் அறிவித்தனர். 1929இல் ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியே அதைக் கண்டார். நாம் கை அசைப்பதும், இதயம் துடிப்பதும் இப்பொருளைச் செலவிட்டே நடக்கின்றன. இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திற்குப் போனார்.

அங்கே கழிந்த எட்டு ஆண்டுகள் வியப்புக்குரியவை. அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. இரத்தம் ஊற இன்றியமையாத சத்து அது. அதைக் கொடுத்துப் பார்த்தபோது ஸ்ப்ரூ நோயாளிகள் தேறினார்கள். உடன்பிறந்தவரைக் கொன்ற நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது; ஆனால் அவருக்கு அது காலம் கடந்த மருந்து. அக்கூடத்திலிருந்தே ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வந்தது. 1947இல் டைஎத்தில்கார்பமசின் வந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவில் யானைக்கால் புழு உடைய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். என் பாட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தது இம்மருந்தைத்தான்.

இப்போது இரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். பாஸ்டனில், ஹார்வர்டைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். இரத்தத்திற்கு நல்லது என்று கண்ட ஃபோலிக் அமில வகை மருந்தை, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தணியவில்லை, வேகமாகப் பெருகுவதுபோல் தோன்றியது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், எனினும் விளைவு கெட்டது. இந்த உண்மையை ஃபார்பர் மறைக்கவில்லை. ஃபோலிக் அமிலம் புற்று அணுக்களுக்கும் உணவாகிறது என்றால், அந்த உணவைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களைச் செய்து தந்தது. அணு அதைச் சத்து என்று நம்பி ஏற்கும். ஏற்றபின் பெருக முடியாமல் நின்றுவிடும். அவற்றில் ஒன்று அமினோப்டெரின். மற்றொன்று இன்றைய மெத்தோட்ரெக்சேட்.

1948 ஜூன் மாதத்தில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் சில மாதங்களே தணிந்திருந்தது. பின்பு திரும்பி வந்தது. மருந்து கடுமையான துன்பங்களையும் தந்தது. ஆயினும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய், முதன்முதலாக மருந்துக்கு அடங்கிப் பின்வாங்கியது. அந்தச் செய்தி வந்து இரண்டே மாதம். 1948 ஆகஸ்டில் ஓரிரவு சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. தம் கூடத்து மருந்து எதிர்காலத்தில் எத்தனை குழந்தைகளைக் காக்கும் என்பதை அவர் பார்க்கவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டில், 1995இல், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

நண்பர்களே, அந்தப் 16 குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். மருந்தைச் செய்தவர் பெயர் தெரிகிறது. கொடுத்தவர் பெயர் தெரிகிறது. வாங்கிக்கொண்ட பிள்ளைகளின் பெயர்களை நாம் அறியோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளைச் செய்துவிட்டால் அது மருந்தாகிவிடாது. நோயுற்ற மனிதர் ஒருவர் முன்வந்து ஏற்று, அதன் நன்மையும் தீமையும் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட பிறகே அது மருந்தாகிறது. மருத்துவ ஆய்வு என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இன்று வளமான நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இந்த நிலை ஒரே பாய்ச்சலில் வரவில்லை. ஒரு சிகிச்சையோடு இன்னொன்றை ஒப்பிட்டு, எது மேல் என்று கண்டு, அதை அடுத்ததோடு ஒப்பிட்டு, ஆய்வின்மேல் ஆய்வாக வந்தது.

இன்றைய ஆய்வு படிப்படியாக நடக்கிறது. முதலில் மிகச் சிலருக்குக் கொடுத்து, தீங்கு உண்டா, எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள். அடுத்து, நோயாளிகளில் சிறு கூட்டத்தில் பயன் உண்டா என்று பார்க்கிறார்கள். மூன்றாவதாக, நூற்றுக்கணக்கானோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதியதும், மற்றதற்கு வழக்கமானதும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி பிரிப்பதில்லை; குலுக்கல் சீட்டுப் போலப் பிரிக்கிறார்கள். இது சூதாட்டமா என்று மாமா கேட்டார். இல்லை. மருத்துவரே பிரித்தால், தேறக்கூடியவர்களைத் தம்மை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். பிறகு தேறியது மருந்தாலா, ஆளின் உடற்கட்டாலா என்று தெரியாது. சுப்பாராவ் படித்த அதே சென்னையில் இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 1956இல் தொடங்கிய ஆய்வில், ஏழைக் காசநோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றவர்க்கு நல்ல உணவோடும் ஓய்வோடும் சானடோரியத்திலும், ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியம்தான் வெல்லும் என்று பலரும் எண்ணினார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்களைப் போலவே குணமடைந்தார்கள். காசநோயாளி குடும்பத்தை விட்டு நெடுங்காலம் பிரிந்து கிடக்க வேண்டியதில்லை என்று 1959இல் உலகம் அறிந்தது, அந்தச் சென்னை ஏழைகளால்தான்.

ஆனால் என் மாமாவின் அச்சமும் வெறும் அறியாமை அன்று. நோயாளியைக் கேளாமலே சோதித்த கொடுமைகள் உலகில் நடந்திருக்கின்றன. அதனால்தான் 1947இல் நியூரம்பர்க் நெறியும், 1964இல் ஹெல்சிங்கி அறிக்கையும் பிறந்தன. நம் நாட்டிலும் 2019இல் புது மருந்துகளுக்கும் மருத்துவ ஆய்வுகளுக்குமான விதிகள் வந்தன. நெறிமுறைக் குழு ஒன்று ஆய்வை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். அதில் மருத்துவம் சாராதவர்களும் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். மறுத்தாலும், நடுவில் விலகினாலும், உரிய சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் மருத்துவ உதவியும் இழப்பீடும் உண்டு.

புரியும் மொழியில் என்ற இரண்டு சொற்களில்தான் மூணாறு லயத்து மனிதரின் நியாயம் அடங்கியிருக்கிறது. மாமா மறுத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. மறுப்பது அவர் உரிமை. அறிந்து மறுத்திருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. அவர் அஞ்சி மறுத்தார். அச்சத்தைப் போக்க ஒரு தமிழ்ப் படிவம் போதும். அல்லது அருகில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒரு தமிழ் மாணவர் போதும். இந்த ஆய்வு எதைக் கண்டறியப் போகிறது? இதில் சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை? என்ன துன்பம் வரக்கூடும்? செலவு யாருடையது? எப்போது வேண்டுமானாலும் விலகலாமா? இந்த ஐந்து கேள்விகளையும் தமிழில் கேட்டு, தமிழில் விடை பெற்றிருந்தால் அவர் முடிவு எதுவானாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். சிகிச்சை இன்னும் முடியவில்லை. வாரந்தோறும் அந்தச் சிறு மாத்திரையை விழுங்குகிறான். சென்ற விடுமுறையில் உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகப் பேருந்தில் மூணாறு போயிருந்தபோது, சுப்பாராவின் கதையை மாமாவிடம் சொன்னேன். அந்தப் 16 குழந்தைகளைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் படிவத்தில் என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டார். என்னிடம் படிவம் இல்லை.

பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் மலையாளம் படிக்கத் தெரியாத நம்மவர்கள் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நம் மன்றத்தில் இரு மொழியும் அறிந்தவர்கள் பலர் உண்டு. விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் நாள்களில், மாதம் ஒரு நாளை அவர்களுக்கு ஒதுக்குவோம். மருத்துவமனையின் இசைவு பெற்று, கேட்பவர்க்குப் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்வோம். சேரச் சொல்லவும் வேண்டாம். மறுக்கச் சொல்லவும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். இரவில் பாத்திரம் கழுவிய அந்த மனிதர் எந்த வேலையையும் இழிவென்று எண்ணவில்லை. படித்துச் சொல்வது நமக்குப் பெரிய பாரமா? விருப்பமுள்ள நண்பர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதற்பெயராக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.